ஸ்லைடு ஒரு பஸ் பலகை

குமுளியில் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் நம்மூர் பஸ்கள் நிற்கும். சாயங்காலம் தோட்ட வேலை முடிந்து தூக்குவாளியும் பையுமாக வருகிறவர்கள் ஓடிக்கொண்டேதான் பலகையைப் பார்ப்பார்கள். 'கம்பம்' என்று பெரிதாக இருக்கும். கீழே 'வழி: கூடலூர்' என்று சிறிதாக இருக்கும். டிரைவர் பெயரோ டிக்கெட் விலையோ லோயர் கேம்ப்பில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதோ அதில் இருக்காது. இருந்தாலும் படிப்பதற்குள் பஸ் போய்விடும்.

நான் கம்பத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை வேலைகள். சில வருடங்களாக ஸ்லைடு, அதாவது கூட்டத்தில் பேசும்போது திரையில் போட்டுக் காட்டும் பக்கம், செய்து தரும் வேலையும் சேர்ந்துகொண்டது. நர்சிங் படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள், சுயஉதவிக் குழு அக்காக்கள் வருகிறார்கள், மலை மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிற விவசாயிகள் வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கொஞ்சம் அழகா பண்ணிக் குடுங்கண்ணே." அழகை அப்புறம் பார்க்கலாம். முதலில் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஸ்லைடு என்றால் என்ன, அதில் எதைப் போடுவது, எதை விடுவது என்று இதுவரை ஒரு ஸ்லைடுகூடச் செய்யாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

நான் செய்த முதல் ஸ்லைடு படுதோல்வி என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லைக்கு மேலே ஒரு ஊரில் ஏல விவசாயிகள் கூட்டம். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். அழுகல் நோய்க்கு என்ன மருந்து, எப்படிக் கலப்பது என்று நான் பேச வேண்டும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் (ஃபாண்ட்) அடித்து, ஸ்லைடுக்குப் பதினாலு வரி போட்டு எடுத்துப்போனேன். அங்கிருந்த லேப்டாப்பில் பாமினி இல்லை. 'தமிழ்' என்று நான் அடித்திருந்த இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஒரு அரைப்புள்ளி. என் லேப்டாப்பை மாட்டிச் சரிசெய்ய அரைமணி நேரம் போனது. சரியானதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "சேட்டா, ஒந்நும் காணான் பற்றுந்நில்லல்லோ" என்றார். ஒன்றும் தெரியவில்லையாம். நான் ஸ்லைடைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். அஞ்சாவது நிமிடம் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏப்பா, எல்லாத்தையும் அங்கயே எழுதிப் போட்டுட்ட. அப்புறம் நீ எதுக்கு நிக்கிற?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் ஸ்லைடு செய்யும் வேலையில் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

திரையில் எழுத்து வந்ததும் ஜனங்கள் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். வேண்டாம் என்றாலும் கண் கேட்காது. மனசுக்குள் ஒரு குரல் வரிகளை வாசித்துக்கொண்டிருக்கும்போது வெளியே உங்கள் குரலும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் சொற்கள்தான், ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் போகாது. மௌனமாகப் படிக்கிறவர் நீங்கள் மூன்றாவது வரியில் இருக்கும்போது எட்டாவது வரிக்குப் போயிருப்பார். அவர் காதில் நீங்கள் விழுவதில்லை. படம் என்றால் இந்தச் சண்டை வராது. கண் படத்தைப் பார்க்கும், காது உங்களைக் கேட்கும். அதனால் திரையில் ஒரு பார்வைக்கு வேண்டியது மட்டும் இருந்தால் போதும், மீதியை வாயால் சொல்லிக்கொள்ளலாம். பலகை 'கம்பம்' என்று சொன்னால் போதும், கொண்டுபோய்ச் சேர்ப்பது பஸ்ஸின் வேலை.

வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விவரம் வேண்டும் என்பார்கள். நியாயம்தான். அதைத் தனியாக ஒரு தாளில் அடித்துக் கொடுத்துவிடுங்கள். ஒரே ஸ்லைடு பலகையாகவும் நோட்டீஸாகவும் இருக்க முடியாது. கடைக்கு வருகிறவர்களோடு நான் போடும் சண்டையில் பாதி இதற்காகத்தான்.

தலைப்பு

ஏலத்தோட்டக்காரர் ஒருவர் கொண்டுவந்த ஸ்லைடில் தலைப்பு 'ஏலம்' என்று மட்டும் இருந்தது. தமிழில் இது பெரிய வம்பு. செடியும் ஏலம், போடியிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு முறையில் நடக்கும் விற்பனையும் ஏலம். மலையாளத்தில் செடி ஏலம், விற்பனை லேலம் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள், அவர்களுக்குக் குழப்பமில்லை. அவரிடமே கேட்டேன், இது எந்த ஏலம் என்று. "ரெண்டும்தான்" என்றார். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று திரும்பக் கேட்டதும் சட்டென்று சொன்னார்: "தரம் பிரிச்சுக் கொண்டுபோனா நல்ல வெல கெடைக்கும்னு சொல்லணும்." அதுதான் தலைப்பு. 'தரம் பிரித்தால் நல்ல விலை' என்று அடித்துக் கொடுத்தேன்.

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் 'முன்னுரை', 'நோய்கள்', 'சந்தை நிலவரம்' என்று பெட்டிக்கு ஒட்டும் சீட்டு மாதிரி தலைப்பு வைப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லும், ஆனால் அதைப் பற்றி நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று சொல்லாது. தலைப்பை ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் அந்த ஸ்லைடில் சொல்ல ஒன்றுமில்லை என்று பொருள், எடுத்துவிடலாம். இரண்டு வாக்கியம் வந்தால் இரண்டு ஸ்லைடு. ஸ்லைடு எண்ணிக்கைக்கு யாரும் காசு கேட்பதில்லை.

தலைப்பு தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பிய 82-வது விநாடியில் நுரைக்காப்புத் துண்டு ஒன்று கழன்று அதன் இடது இறக்கையில் அடித்தது. ஆபத்தா இல்லையா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனை முடிவுகளைப் பார்த்தால் பெரிய கவலைக்கு இடமில்லை என்று எடுத்துக்கொள்ளும்படி இருந்தது. முக்கியமான சங்கதியோ உள்வரிக்குள் உள்வரியாகக் கடைசியில், சின்ன எழுத்தில் கிடந்தது: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், உண்மையில் அடித்தது ஏறத்தாழ 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது ஓடம் உடைந்து சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். ஸ்லைடு சரியாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அவ்வளவு எளிதான கணக்கில்லை அது. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடை எடுத்துப் போட்டு, முழு அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போட்டுப் பழகியதைக் குறையாகச் சொன்னது. 640 மடங்கு என்பதுதான் அங்கே தலைப்பாக இருந்திருக்க வேண்டும்.

எழுத்து எவ்வளவு பெரிதாக?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஸ்லைடு செய்யும் மென்பொருளான பவர்பாயிண்டில் இப்போது புதிதாகத் திறக்கும் ஸ்லைடின் உயரம் ஏழரை அங்குலம். அங்குலத்துக்கு 72 பாயிண்ட், ஆக மொத்தம் 540 பாயிண்ட். 30 பாயிண்ட் எழுத்து ஸ்லைடு உயரத்தில் பதினெட்டில் ஒரு பங்கு இடத்தை எடுக்கும். ஆறடி அகலத் திரையில் படம் ஏறத்தாழ 40 அங்குல உயரம் விழும், அப்போது அந்த எழுத்துக்குக் கிடைப்பது இரண்டேகால் அங்குலம். நாற்பதடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் சிரமமில்லாமல் படிப்பார். நம் ஆட்கள் விரும்பிப் போடும் 14 பாயிண்டுக்கு ஒரே ஒரு அங்குலம்தான். அது முன்வரிசைக்கு மட்டும்.

கை கவாசாகி என்ற அமெரிக்கர் 10-20-30 என்று ஒரு சூத்திரம் சொல்வார்: பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது பாயிண்டுக்குக் குறையாத எழுத்து. முதலீடு கேட்டு வருகிறவர்களுக்குச் சொன்னது. பத்தும் இருபதும் நமக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். முப்பதை மட்டும் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள் என்பேன். தமிழ் எழுத்துக்குள் சுழி அதிகம். ண, ன இரண்டையும் தூரத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் 36 பாயிண்ட் வைப்பது நல்லது.

கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போகாமலே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கடைசி வரிசைக்கு உள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுங்கள். நாற்பதடி, ஆறடித் திரை என்றால் ஏறத்தாழ ஆறே முக்கால் வரும். உங்கள் லேப்டாப் திரை ஓரடி அகலம் இருந்தால் ஆறே முக்கால் அடி தள்ளி நின்று பாருங்கள். பின்வரிசைக்காரருக்கு எந்த அளவில் தெரியுமோ அதே அளவில்தான் உங்களுக்கும் தெரியும். என் கடையில் தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருக்கிறேன். ஸ்லைடு செய்ய வருகிறவர்களை அங்கே நிறுத்தி, படியுங்கள் என்பேன். பெரும்பாலானவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரெண்டடி முன்னால் வருவார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும், எதையெல்லாம் எடுக்கலாம் என்று அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள்.

ஒரு ஸ்லைடுக்கு ஏழு வரிதான் என்று ஒரு விதியும் உலவுகிறது. ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956-ல் நினைவுத்திறன் பற்றி எழுதிய கட்டுரையில் வரும் ஏழு என்ற எண்ணை யாரோ இங்கே இழுத்துவந்துவிட்டார்கள். அதற்கும் ஸ்லைடு வரிகளுக்கும் சம்பந்தமில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாகவே குறைந்துவிடும்.

தமிழுக்கென்று சில தொந்தரவுகள்

இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் ஃபாண்ட். பாமினி மாதிரிப் பழைய ஃபாண்டுகள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்து ஏமாற்றும் ஏற்பாடு. ஃபாண்ட் இல்லாத கணினியில் ஏமாற்று வெளிப்பட்டுவிடும், எனக்கு ஆன மாதிரி. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடித்தால் அந்தப் பயமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐயில் தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் இருக்கின்றன. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இது பெரிய சௌகரியம். குமுளிப் பக்கம் என்றால் மலையாளம், சித்தூர்ப் பக்கம் என்றால் தெலுங்கு, எதைச் சேர்த்தாலும் எழுத்தின் கனம் ஒத்துப்போகும்.

அடுத்தது வரிக்கு வரி இடைவெளி. கு, டு போன்றவற்றின் வால் கீழே இறங்கும், கி, டீ போன்றவற்றின் கொக்கி மேலே ஏறும். இடைவெளி குறைந்தால் மேல்வரி வாலும் கீழ்வரிக் கொக்கியும் முட்டிக்கொள்ளும். 1.2 அல்லது 1.3 வையுங்கள். அடிக்கோடு போடாதீர்கள், கு, டு, மு எல்லாவற்றின் காலையும் அது வெட்டிவிடும். சாய்வெழுத்தும் வேண்டாம், தமிழில் அதற்கு மரபு கிடையாது, காற்றில் சாய்ந்த வாழை மாதிரி நிற்கும். தடித்த எழுத்து வேண்டுமென்றால் அந்த ஃபாண்டிலேயே தடித்த வகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கணினியே எழுத்தை ஊதிப் பெருக்கும், ஞ-வின் உள்சுழி அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது தொந்தரவு நாமாகச் செய்துகொள்வது. மேடைத் தமிழ், அலுவலகத் தமிழ். 'நோய்த்தடுப்பு நடவடிக்கைகள் உரிய காலத்தில் மேற்கொள்ளப்பட வேண்டும்' என்று ஒருவர் எழுதி வந்தார். ஒரு வரிக்குள் அடங்காது, நடுவில் உடையும். நீங்கள் தோட்டத்தில் வேலைக்காரரிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "மழைக்கு முன்னாடி மருந்தடின்னு சொல்வேன்." 'மழைக்கு முன் மருந்து' என்று போட்டோம். எழுத்தும் பெரிதானது.

இரண்டு மொழிக்காரர்கள் இருக்கும் கூட்டத்தில் எல்லா வரியையும் இரண்டு தடவை எழுதத் தோன்றும். எழுதினால் இருவருக்குமே பாதித் திரை வீண். எண்ணும் படமும் இருவருக்கும் பொது, அவற்றைப் பெரிதாக நடுவில் வையுங்கள். தலைப்பு மட்டும் தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி. இரண்டுக்கும் வேறு நிறம் கொடுத்து, எல்லா ஸ்லைடிலும் அதே இடத்தில் வைத்தால் கண் பழகிவிடும். சில சொற்களுக்கு அந்தக் கவலையே இல்லை. அழுகல் நோய்க்கு இரண்டு பக்கமும் அழுகல்தான்.

நிறம்

ப்ரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. அது வெளிச்சம் வீசும் இயந்திரம், கறுப்பு என்பது அது வெளிச்சம் வீசாத இடம். ஜன்னல் திறந்திருக்கும் ஹாலில் அந்த இடம் சும்மா இருக்கும் வெள்ளைத் துணி மாதிரி வெளிறித்தான் தெரியும். லேப்டாப்பில் நச்சென்று இருந்த கருநீலப் பின்னணி அங்கே போனதும் சாம்பலாகி நிற்பது இதனால்தான். பகல் கூட்டம் என்றால் வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. இருட்டான அரங்கு என்றால் தலைகீழாகவும் வைக்கலாம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை அளக்க இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஒரு விகிதம் வைத்திருக்கிறது. வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1, அதற்கு மேல் கிடையாது. சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளையில் பளிச்சென்ற மஞ்சள் எவ்வளவு தெரியுமா? 1.07-க்கு 1. எழுதியும் எழுதாத மாதிரி.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்யும் தப்பு, ஏலத்தோட்டப் படத்தைப் பின்னணியாகப் போட்டு அதன் மேல் பச்சை எழுத்து. படம் அழகுதான், ஆனால் ஒரு இலை வெளிச்சம், அடுத்த இலை நிழல். எந்த நிற எழுத்தை வைத்தாலும் பாதி மறையும். படம் கட்டாயம் வேண்டுமென்றால் ஸ்லைடில் ஒரு பக்கம் அதற்கு, மறுபக்கம் எழுத்துக்கு. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள், அதனால் 'சிவப்பில் இருப்பது கெட்டது' என்று நிறத்தை மட்டும் நம்பிச் சொல்லக் கூடாது. பக்கத்தில் ஒரு சொல்லையும் வையுங்கள்.

பறந்து வரும் எழுத்து, சுழலும் ரோஜாப்பூ பற்றிப் பேச ஒன்றுமில்லை. வேண்டாம். ஒவ்வொரு ஸ்லைடிலும் சங்கத்தின் முத்திரை, தலைவர் படம் வைக்கச் சொல்வார்கள். முதல் ஸ்லைடில் பெரிதாக வைத்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

பழைய பதினாலு வரியை என்ன செய்தேன்

அந்த அழுகல் நோய் ஸ்லைடுக்கே வருகிறேன். அடுத்த வருடமும் அதே ஆட்கள் கூப்பிட்டார்கள், பெரிய மனசு. அழுகலுக்கு அடிக்கும் மருந்தான போர்டோ கலவையின் செய்முறை முழுவதும் முன்பு ஒரே ஸ்லைடில் இருந்தது: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர், ஐம்பது ஐம்பதாகத் தனித்தனியே கரைக்க வேண்டும், துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது, கத்தியை முக்கிப் பார்க்க வேண்டும், இப்படி.

அதை நாலாகப் பிரித்தேன். முதலில் அழுகிய காயின் படம், முழுத்திரைக்கு, மேலே 'மழைக்கு முன் மருந்து'. இரண்டாவதில் மூன்றே எண்கள், ஒவ்வொன்றும் ஒரு முழம் உயரத்துக்கு: 1, 1, 100. கீழே துத்தம், சுண்ணாம்பு, தண்ணீர் என்று சின்னதாக. மூன்றாவதில் இரண்டு பிளாஸ்டிக் டிரம் படம், நீலத்திலிருந்து வெள்ளைக்கு ஒரு அம்புக்குறி. எதை எதில் ஊற்றுவது என்பதில்தான் எல்லாரும் குழம்புவார்கள், அம்புக்குறி ஒரு நொடியில் சொல்லிவிடும். நாலாவதில் ஒரு கத்தி மட்டும், நுனியில் செம்பு நிறம். தலைப்பு: 'கத்தி சிவந்தால் சுண்ணாம்பு சேர்'. ஏன் சிவக்கிறது, கரைசலில் மிச்சமிருக்கும் செம்பு எப்படி இரும்பில் படிகிறது, அதை அப்படியே தெளித்தால் இலை ஏன் கருகும் என்பதையெல்லாம் நான் நின்று சொன்னேன். இந்தத் தடவை பெரியவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரைபடத்துக்கும் இதே கதைதான். அஞ்சு வருட விளைச்சலைக் காட்ட அஞ்சு தூண் போதும். எந்த வருடத்தைப் பற்றிப் பேசப் போகிறீர்களோ அந்தத் தூணுக்கு மட்டும் நிறம், மற்றவை சாம்பல். எண்ணைத் தூணின் தலையிலேயே எழுதிவிடுங்கள், ஓரத்தில் நிறக்குறிப்புப் பெட்டி வைத்தால் கண் அங்கும் இங்கும் அலையும். அட்டவணையை அப்படியே ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது. 'இது உங்களுக்குச் சரியாத் தெரியாது, இருந்தாலும்...' என்று ஆரம்பிக்க வேண்டிய ஸ்லைடு எதற்கு?

மலை ஏறும் முன் கோப்பைப் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள், ஃபாண்ட் எங்கேயும் ஓடிப்போகாது. பேசும்போது யாராவது நல்ல கேள்வி கேட்டால், பவர்பாயிண்டில் ஆங்கில 'பி' (B) விசையை ஒரு தட்டுத் தட்டினால் திரை இருண்டுவிடும், எல்லாரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள். மறுபடி தட்டினால் விட்ட இடம் வரும்.

அப்புறம் அந்தக் கடைசி ஸ்லைடு. 'நன்றி' என்று ஒரு பூங்கொத்தோடு. பேச்சு முடிந்து கேள்வி, பதில், டீ, வடை என்று அரைமணி நேரம் போகும், மொத்தக் கூட்டத்திலும் அதிக நேரம் திரையில் நிற்பது அந்த ஒன்றுதான். நான் இப்போது அதை வைப்பதில்லை. 1, 1, 100 ஸ்லைடைத்தான் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். டீ டம்ளரோடு எழுந்து வந்து போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.